பந்தியில் மீந்ததா, அண்டாவில் மீந்ததா? மீந்த உணவைப் பசித்தவர்களிடம் சேர்ப்பது பற்றிக் கடலூர், புதுவை அனுபவப் பகிர்வு

கடலூர் முதுநகர் உறுப்பினர்:

வைகாசி முகூர்த்த நாளில் திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயிலைச் சுற்றி எத்தனை திருமணங்கள் நடக்கும் என்பதை நம் பக்கத்து மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் அதே சமயத்தில்தான் வருகிறது. விசைப்படகில் பங்குக்குப் போகும் குடும்பங்களில் அந்த நாட்களில் இரவு அடுப்பு எரிவதே அரிதாகிவிடும். சோறு மீந்து கிடக்கும் மண்டபத்துக்கும் சோறில்லாத தெருவுக்கும் இடையே அரை மணி நேரப் பயணம்தான் இருக்கிறது என்ற எண்ணத்தில், மூன்று ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் நால்வர் ஒரு குட்டியானை வண்டியை வாடகைக்குப் பிடித்து, மண்டபங்களில் மீந்ததை அந்தத் தெருக்களுக்குக் கொண்டுபோகப் புறப்பட்டோம்.

முதல் நாளே துறைமுகத்தை ஒட்டிய தெருவில் ஓர் அம்மா தூக்குவாளியை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "தம்பி, இது பந்தியில மீந்ததா, அண்டாவுல மீந்ததா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மண்டபத்தார் ஏற்றிவிட்டதை அப்படியே கொண்டுவந்திருந்தோம். சமையல் மாஸ்டரைத் தொலைபேசியில் அழைத்தபோது, சோறும் சாம்பாரும் அண்டாவிலேயே இருந்தவை என்றும், பொரியலில் மட்டும் கடைசிப் பந்திக்குப் பிறகு பரிமாறும் வாளிகளில் இருந்ததைத் திரும்பக் கொட்டியிருந்தார்கள் என்றும் சொன்னார். பொரியலை இறக்கவில்லை. அந்த அம்மா கோபப்படவில்லை. "அடுத்த தடவை கேட்டுக்கிட்டு ஏத்துங்க தம்பி" என்று மட்டும் சொல்லிச் சோற்றை வாங்கிக்கொண்டார். எச்சில் கலந்துவிட்டதோ என்ற ஐயத்தோடு ஒரு கவளத்தைப் பிள்ளைக்கு ஊட்டுவது எவ்வளவு பெரிய வேதனை என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமசாலையில் பசித்து வருபவருக்கென்றே இன்றும் உலை வைக்கிறார்கள். நாங்கள் கொண்டுபோவதோ வேறொருவருக்காக வைத்த உலையில் மீந்தது. ஆகையால் எங்களுக்குக் கவனம் இன்னும் அதிகமாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

இப்போது கடைசிப் பந்திக்கு முன்பே சமையற்கட்டுக்குப் போய்விடுகிறோம். சோறு எத்தனை மணிக்கு வடிக்கப்பட்டது என்பதே முதல் கேள்வி. சோற்றில் வளரும் பேசில்லஸ் செரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் சோறு மணிக்கணக்கில் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கிவிடும், அந்த நஞ்சு மீண்டும் சுட வைத்தாலும் போகாது. மூடிய பாத்திரத்தில் ஆவி பறக்கும் சோற்றை மட்டுமே ஏற்றுகிறோம். சாம்பாரைச் சோற்றில் கலக்காமல் தனியே எடுக்கிறோம். தேங்காய் அரைத்துவிட்ட கூட்டையும் சட்னியையும் தொடுவதில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உபரி உணவைப் பெற்று வழங்குவதற்கென்றே 2019இல் விதிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. இந்தப் பணியில் இறங்குவோர் முதலில் அவற்றைப் படித்துவிட வேண்டும்.

பரிமாறுவதையும் நிறுத்திவிட்டோம். அண்டாவை வலை பின்னும் கூடத்தில் இறக்கிவிட்டால் தெருப் பெண்களே பங்கிடுகிறார்கள். வாளியோடு வரிசையில் நிற்கக் கூசி வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுபவர் யார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும், அந்த வீடுகளுக்குத்தான் முதல் பங்கு போகிறது. நாங்கள் நின்று படம் எடுத்திருந்தால் அந்த வீடுகளின் கதவு திறந்திருக்காது.

புதுவை முத்தியால்பேட்டை உறுப்பினர்:

இருபது ஆண்டுகள் கல்யாணச் சமையலில் இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். பந்தியில் ஒரு பண்டம் தீர்ந்துபோனால் குடும்பத்துக்கே தலைக்குனிவு என்ற அச்சத்தில், நானூறு பேர் வரும் வீட்டில் அறுநூறு இலைக்குச் சொல்கிறார்கள். அரிசி முழுவதையும் காலையிலேயே உலையில் போடாமல், இரண்டாம் பந்தி எழுந்ததும் வெளியே காத்திருப்பவர்களை எண்ணிப் பார்த்து அடுத்த உலை வைப்பது என் வழக்கம். போடாத அரிசி மூட்டையில் அப்படியே இருக்கும். அதையும் நறுக்காத காய்களையும் கொடுத்துவிடச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேட்பேன். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வேகாத அரிசிக்கு மணிக்கணக்குத் தேவையில்லை, வாங்குபவர் தமக்கு வேண்டியபோது, தம் வீட்டுப் பக்குவத்தில் பொங்கிக்கொள்ளலாம். மீட்கப்படும் உணவில் ஆகச் சிறந்தது அதுவே என்பது என் கருத்து.

புதுவையிலிருந்து மற்றோர் உறுப்பினர்:

நான் வாங்கிய பக்கத்திலிருந்து எழுதுகிறேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். மறுநாளிலிருந்து உணவுப் பொட்டலங்கள் வந்தன. சாலையோரத்து வீடுகளுக்கு மூன்று நான்கு கிடைத்தன, சந்தின் உள்ளே இருந்த எங்களுக்கு மாலைதான் ஒன்று வந்து சேர்ந்தது. ஒரு நாள் எலுமிச்சைச் சாதம் நூல்விட்டிருந்தது. இடுப்பளவு நீரில் நடந்து வந்து கொடுத்த பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது என்று தயங்கி, வாங்கி வைத்துக்கொண்டு, அவர் போன பிறகு கொட்டினேன். அன்று இரவு பிள்ளைகள் பிஸ்கட் தின்று படுத்தார்கள். சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் வருந்துகிறேன்; சொல்லியிருந்தால் அடுத்த வீட்டார் அதைச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

நான்காம் நாள் வேறு ஒரு குழு வந்தது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பேனாவால் "காலை 10.15, தக்காளிச் சாதம்" என்று எழுதியிருந்தார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், பதினொன்றரை. உடனே பிரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.