விசா வேலிடேட் ஆக மாட்டேங்குது, நம்பர் போட்டா எரர், அவசரம்

வெண்ணிலா_பிரெஞ்சு
எல்லாருக்கும் வணக்கம், காலேஜ் எக்ஸ்சேஞ்ச்ல ஒரு செமஸ்டருக்கு பிரான்ஸ் வந்திருக்கேன், பிரெஞ்சு மேஜர். வந்ததும் விசாவ ஆன்லைன்ல வேலிடேட் பண்ணணும்னு சீனியர் அக்கா சொன்னாங்க, அந்த சைட்ல நம்பர் போட்டா சிவப்புல எரர் வருது, எத்தனை தடவ போட்டாலும் அதேதான். மூணு மாசம் தாண்டினா இங்க இருக்கறதே சட்டவிரோதம்னு சொல்றாங்க, ராத்திரி தூக்கமே வரல. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சைக்கிள்_செயின்
எந்த விசா? எத்தனை மாசத்துக்கு? எரர்ல என்ன எழுதியிருக்கு? ஸ்டிக்கர போட்டோ எடுத்துப் போட்டுடாதீங்க, நம்பர விட்டுட்டு மத்தத டைப் பண்ணுங்க போதும்.

குறுந்தாடி
ப்ரவுசர் பிரச்சனைதான் இது, சந்தேகமே வேணாம். பக்கத்த தானா மொழிபெயர்க்கற வசதி ஆன்ல இருந்தா ஃபார்ம் குழம்பிடும். அத அணைச்சுட்டு வேற ப்ரவுசர்ல பிரெஞ்சுலயே திறந்து போடுங்க.

நூல்கண்டு
பாஸ்போர்ட் நம்பர போடறீங்களா பாருங்க, நிறைய பேர் அதத்தான் போடறாங்க. விசா ஸ்டிக்கர்ல மேல வலது பக்கம் இருக்கற நம்பர்தான் வேணும். சைக்கிள்_செயின் கேட்டதுக்கும் பதில் சொல்லுங்கம்மா, எத்தனை மாச விசான்னு தெரியாம என்ன சொல்றது.

மொழிப்புலி
மாசத்துக்கு ஒருத்தர் இதையே கேக்கறீங்க, பழைய இழை எதையும் யாரும் தேடறதில்ல. பிரெஞ்சு மேஜர்னு சொல்றவங்க முதல்ல ஸ்டிக்கர்ல இருக்கற பிரெஞ்சு வரிய வாசிக்கணும். இப்பல்லாம் பிரெஞ்சுல பி1 லெவல் இருந்தாலே அனுப்பிடறாங்க, அதுக்கு மேல பி2 இல்லாதவங்க ஆம்ஃபில, அதாவது பெரிய லெக்சர் ஹால்ல, போய் உக்காந்து என்ன புரிஞ்சுக்கப் போறாங்க?

நூல்கண்டு
அவங்க கேட்டது விசா பத்தி, லெவல் பத்தி இல்ல. ஆனாலும் சொல்றேன், நான் பி1ல தான் போனேன். சி.எம்.னா பெரிய லெக்சர் க்ளாஸ், அதுல ப்ரொஃபசர் ஸ்லைடு எதுவும் இல்லாம ரெண்டு மணி நேரம் பேசிட்டே இருப்பார், முதல்ல தலையும் புரியாது வாலும் புரியாது. ஆனா டி.டி.ன்னு ஒண்ணு இருக்கு, சின்ன க்ளாஸ், அட்டெண்டன்ஸ் கட்டாயம், எழுந்து பேசியே ஆகணும். எனக்கு பிரெஞ்சு வாயில வந்தது அங்கதான்.

மொழிப்புலி
தப்பு. முதல்ல மொழி மையத்துல சேர்ந்து அடித்தளம் போடணும், அப்புறம்தான் டிபார்ட்மெண்ட் பேப்பர். கிரனோபிள் நகரத்துல வெளிநாட்டு மாணவர்களுக்குன்னே 1896லேருந்து சொல்லித் தர்றாங்க, காரணம் இல்லாமயா? 1923ல அமெரிக்காவோட டெலவேர் பல்கலைக்கழகம் எட்டு மாணவர்கள அனுப்பினப்ப கூட நேரா பாரிஸ் சோர்போன் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பல, நான்சி நகரத்துல மொழி வகுப்பு முடிச்ச பிறகுதான் பாரிஸ்.

நூல்கண்டு
அந்த எட்டு பேரும் பிரெஞ்சு குடும்பங்களோட வீட்ல தங்கினாங்க, அதையும் சேர்த்துச் சொல்லுங்க. மொழி மையத்துல உங்க பக்கத்து சீட்டும் வெளிநாட்டுக்காரர்தான், இடைவேளைல எல்லாரும் இங்கிலீஷ்க்கு மாறிடுவாங்க. கூட ஒரே ஒரு டி.டி.யாவது எடுத்தா இங்கத்த பசங்களோட சேர்ந்து எக்ஸ்போஸே, அதாவது க்ளாஸ் முன்னாடி பேசற ப்ரெசன்டேஷன், தயார் பண்ண வேண்டி வரும், அது எந்த மொழி வகுப்புலயும் கிடைக்காது.

குறுந்தாடி
ப்ரவுசர் மாத்திப் பாத்தீங்களா?

ரயில்_சிநேகிதி
எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க. அந்தப் பொண்ணு வந்திருக்கறது ஒரே ஒரு செமஸ்டர், அதுலயே பதில் இருக்கும்னு நினைக்கிறேன். மாணவர்களுக்கு நீண்டகால விசா ரெண்டு வகை வரும்மா. ஒண்ணு வி.எல்.எஸ்-டி.எஸ்., அதுவே ரெசிடென்ஸ் பர்மிட் மாதிரி, அதத்தான் வந்து மூணு மாசத்துக்குள்ள ஆன்லைன்ல வேலிடேட் பண்ணி வரி கட்டணும். இன்னொண்ணு வி.எல்.எஸ்-டி., தற்காலிகம், ஒரு செமஸ்டர் வர்றவங்களுக்குப் பெரும்பாலும் இதுதான் குடுப்பாங்க, இதுக்கு வேலிடேஷனே கிடையாது, அதான் சைட் உங்க நம்பர ஏத்துக்கல. ஸ்டிக்கர்ல கீழ குறிப்பு பகுதில "திஸ்பான்ஸ் தாம்போரேர் த கார்த் த செஜூர்"னு, அதாவது தற்காலிகமா ரெசிடென்ஸ் கார்டு வேணாம்னு, இருக்கா பாருங்க. இருந்தா நிம்மதியா தூங்குங்க. சீனியர் ஒரு வருஷத்துக்கு வந்திருப்பாங்க, அவங்களுக்கு அவங்க சொன்னது சரிதான்.

மொழிப்புலி
இதத்தான் நான் வரிய வாசிங்கன்னு சொன்னேன்.

சைக்கிள்_செயின்
எந்த வரின்னு சொல்லியிருந்தா அவங்களுக்கு ஒரு நாள் மிச்சமாயிருக்கும் சார். பயந்து போய் கேக்கறவங்ககிட்ட லெவல் டெஸ்ட் வைக்கறது உதவி இல்ல.

வெண்ணிலா_பிரெஞ்சு
ஆமாக்கா அந்த வரி இருக்கு!! அஞ்சு மாச விசா. யுனிவர்சிட்டில காட்டினேன், வேலிடேஷன் வேணாம்னுட்டாங்க. ரொம்ப நன்றி. சி.வி.இ.சி.ன்னு ஒரு மாணவர் கட்டணம் கட்டணுமாமே, 105 யூரோ, அதுவுமா?

ரயில்_சிநேகிதி
2025-26க்கு 105தான், ஆனா ஒப்பந்தத்துல எக்ஸ்சேஞ்சா வந்தவங்க கட்ட வேணாம். இன்டர்நேஷனல் ஆபீஸ்ல உங்கள எக்ஸ்சேஞ்ச்னுதான் பதிவு பண்ணியிருக்காங்களான்னு மட்டும் கேட்டுக்கோங்க. இன்னொண்ணு, இந்த விசாவ அங்க இருந்துட்டே நீட்டிக்க முடியாது. பரீட்சை தேதி எப்பன்னு இப்பவே பாருங்க, மறுபரீட்சை வந்தா அதுவும் விசா முடியற தேதிக்குள்ள வருதான்னு பாத்துட்டு டிக்கெட் போடுங்க.

நூல்கண்டு
டி.டி. மாத்தறதுக்கு முதல் ஒண்ணு ரெண்டு வாரம்தான் விடுவாங்க வெண்ணிலா, யோசிச்சுட்டே இருக்காதீங்க.