பீரோ சாவி யாரிடம் இருக்கிறது?

பவர்டேபிள்:
சிறிய பனியன் கம்பெனிகள் எல்லாமே கொத்தடிமைக் கூடாரங்கள்தான் என்றும், வடமாநிலப் பையன்களின் ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொள்வதே அதற்குச் சாட்சி என்றும் நேற்று இங்கே ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். திருப்பூரில் முப்பத்தெட்டு எந்திரம் போட்டு, பிறர் ஆர்டருக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறவன் நான். என்னிடம் ஒடிசாப் பையன்கள் பதினொரு பேர் இருக்கிறார்கள். போன வருடம் அறையில் ஒருவனுடைய அட்டை தொலைந்து, வங்கிக் கணக்கு தொடங்க முடியாமல் இரண்டு மாதம் அலைந்தான். அதன் பிறகு அவர்களே கேட்டுக்கொண்டதால்தான் எல்லா அட்டைகளையும் அலுவலகப் பீரோவில் வைத்திருக்கிறேன். இது கொத்தடிமை என்றால், வங்கி லாக்கருக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

முன்னாள் ஆய்வாளர்:
"ஒருவர்" என்று மறைக்க வேண்டியதில்லை, எழுதியவன் நான்தான். வங்கி லாக்கரின் சாவி நகைக்குச் சொந்தக்காரரிடம் இருக்கும். உங்கள் பீரோ சாவி யாரிடம் இருக்கிறது? பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்புக்குச் சொல்லும் 11 அறிகுறிகளில் அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பதும் ஒன்று. கேட்டவுடன் கைக்கு வருமா, அது இல்லாமல் வேலையை விட்டுப் போக முடியாது என்ற அச்சம் இருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஊரிலிருந்து அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்து, நீங்கள் கோபியில் ஒரு கல்யாணத்தில் உட்கார்ந்திருந்தால், அந்தப் பையன் என்ன செய்வான்?

பவர்டேபிள்:
எனக்குப் போன் செய்வான், நான் வருவேன். செக் புக்கும் வாரச் சம்பளப் பணமும் இருக்கிற பீரோவின் சாவியை எந்த ஊரில் ஐயா வேலையாட்களிடம் கொடுக்கிறார்கள்?

முன்னாள் ஆய்வாளர்:
ஆக, சாவி உங்களிடம் இருக்கிறது. நன்றி.

கணக்குப்பிள்ளை:
ஆய்வாளர் ஐயா பணியில் இருந்த காலத்தில் ஒரு பீரோவையாவது திறந்து பார்த்ததாக இந்த ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு சாவி தேடுகிறார். பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டம்கூட ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டைத் தொட்ட நிறுவனங்களிடம்தான் அடிமை உழைப்பைத் தடுக்க என்ன செய்தீர்கள் என்று அறிக்கை கேட்கிறது. முப்பத்தெட்டு எந்திரக்காரரை அந்த வரிசையில் நிறுத்துவது எந்த நியாயம்?

முன்னாள் ஆய்வாளர்:
அந்தப் பெரிய நிறுவனம் தன் அறிக்கையை எழுதுவதற்காகத்தான் ஆடை வாங்கும் பையர் வழியாகக் கேள்வித்தாள் உங்கள் மேசைக்கு வருகிறது. அதுவும் கிடக்கட்டும். நம்முடைய 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தில் விற்றுமுதல் வரம்பு எதுவும் கிடையாது. ஒரே ஓர் ஆள் இருந்தாலும் அது பொருந்தும். மூன்றாண்டு வரை சிறை உண்டு. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே அரசமைப்பின் 23-ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்புத்தான் என்று 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இத்தனைக்கும் பிறகு நான் கேட்பது ஒன்றைத்தான்: சாவி யாரிடம் இருக்கிறது?

பவர்டேபிள்:
கூலியைப் பற்றி யார் பேசினார்கள்? ஒரு வாரம்கூடச் சம்பளம் நின்றதில்லை. ரயில் கட்டணமும் ஏஜென்ட் கமிஷனும் நானே முன்பணமாகக் கொடுத்து, வாரம் இருநூறு ரூபாய்தான் பிடிக்கிறேன்.

முன்னாள் ஆய்வாளர்:
முன்பணமும் இருக்கிறதா? பிடித்து முடிப்பதற்குள் ஒருவன் போக நினைத்தால், அட்டை பீரோவுக்குள், சாவி உங்கள் இடுப்பில். நான் சொல்ல வேண்டியதை நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

பவர்டேபிள்:
உங்களிடம் உண்மையைச் சொன்னது என் தவறு.

நூல்கண்டு:
நீங்கள் இருவரும் பீரோவைச் சுற்றியே நடக்கிறீர்கள். நான் பதினாறு வயதில் திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலை விடுதியில் இருந்தவள். மூன்று ஆண்டு முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்ற சுமங்கலித் திட்டத்தில்தான் சேர்த்தார்கள். விடுதி அம்மா எங்களைக் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் கடைக்குப் போவதென்றால் மாதம் ஒரு முறை, அவர் பின்னால் வரிசையாகத்தான். இரண்டரை ஆண்டில் உடம்புக்கு முடியாமல் வெளியே வந்தபோது மொத்தப் பணம் போயிற்று. பத்தாம் வகுப்புச் சான்றிதழை வாங்க அப்பா நான்கு முறை பேருந்து ஏறினார். பவர்டேபிள் அண்ணா, உங்கள் பனியனுக்கு நூல் எந்த மில்லிலிருந்து வருகிறது?

பவர்டேபிள்:
எனக்குத் துணி வெட்டியே வருகிறது, அம்மணி. நான் தைத்துக் கொடுக்கிறேன். நூலைப் பற்றி ஆர்டர் கொடுத்தவரிடம் கேட்க வேண்டும்.

நூல்கண்டு:
நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

கணக்குப்பிள்ளை:
அவர் கேட்டால் அடுத்த ஆர்டர் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும். தொழில் தெரியாமல் பேச வேண்டாம்.

நூல்கண்டு:
அந்த நூலைச் சுற்றிய கை இது. எனக்குத் தொழில் தெரியாதா?

முன்னாள் ஆய்வாளர்:
அம்மணி, உங்கள் சான்றிதழ் இருந்த இடமும் ஒரு பீரோதான். அதற்கும் சாவி ஒருவரிடம்தானே இருந்தது?

நூல்கண்டு:
என் கதையை உங்கள் சாவிக்கொத்தில் கோத்துக்கொள்ளாதீர்கள், ஐயா. நான் கேட்டது மில்லைப் பற்றி.

பவர்டேபிள்:
பூட்டோடு பதினொரு சிறிய தகரப் பெட்டிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அவரவர் சாவி அவரவரிடம் இருக்கும். ஆய்வாளர் சொன்னதற்காக அல்ல, பையரின் கேள்வித்தாளில் இருப்பதற்காக.

முன்னாள் ஆய்வாளர்:
பூட்டு வாங்கினால் இரண்டு சாவி வரும். இரண்டாவது யாரிடம் இருக்கும்?

கணக்குப்பிள்ளை:
2011-இல் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது பற்றி இங்கே பேசியபோது, இதே ஆய்வாளர் என்னை "முதலாளிகளின் கைத்தடி" என்றார். அதற்கு அவர் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.