ரெஜிபோம் கல்லறைக் கற்களுக்கு மழை தாங்கும் பூச்சு எது?

எல்ல வாசி:
நான் வேலை செய்யும் விடுதியில், வெளிநாட்டு விருந்தினருக்காக ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் 31 அன்று ஹலோவீன் அலங்காரம் செய்கிறோம். குளிர்சாதனப் பெட்டியோடு வந்த ரெஜிபோமில் (தெர்மோகோல்) கல்லறைக் கற்களை வெட்டி, சென்ற முறை ஸ்ப்ரே பெயின்ட் அடித்தபோது, முகப்பு முழுவதும் கறையான் அரித்ததுபோலக் குழிந்துவிட்டது. மிஞ்சியவற்றுக்குப் பைண்டர் கம் (வெள்ளைப் பசை) தடவி மேலே பெயின்ட் பூசினேன். இரண்டாம் நாள் பின்னேர மழையில் கம் வெளுத்துப் பிசுபிசுத்து, பெயின்ட் தோலாக உரிந்தது. இம்முறை இரண்டு வாரம் தோட்டத்தில் நிற்க வேண்டும். அடியில் எதைப் பூசுவது?

ஹட்டன் பந்தற்காரர்:
தம்பி, ஸ்ப்ரே டின்னில் உள்ள கரைப்பான், தின்னர், பெற்றோல் எல்லாமே ரெஜிபோமைக் கரைத்துவிடும்; தண்ணீரில் கலக்கும் பெயின்டையே அதற்குப் பயன்படுத்த வேண்டும். பைண்டர் கம் காய்ந்த பின்னும் ஈரம் பட்டால் இளகும் என்பதால், வீட்டுக்குள் வைக்கும் பாலன் குடிலுக்கே அது சரி. திருவிழா வளைவுகளுக்கு நாங்கள் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, வெளிச்சுவருக்கான எமல்ஷனில் (தண்ணீரில் கலக்கும் பெயின்டில்) தோய்த்து, மடிப்பு விழாமல் ஒட்டிக் காயவிட்டு, அதன்மேல் சீமெந்தையும் சலித்த மணலையும் அக்ரிலிக் நீர்த்தடுப்புத் திரவத்தில் குழைத்து இரண்டு முறை பூசுவோம். கல்லறைக்குச் சீமெந்தின் நிறமே பொருந்துவதால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

நுவரெலியா வாசகி:
ஐயா சொன்னது சரி, ஆனால் எங்கள் பக்கத்தில் பூசுவதைவிடக் காயவைப்பதே பெரும்பாடு. ஏறத்தாழ 10 பாகை செல்சியசுக்குக் கீழே எமல்ஷன் சரியாகப் படலமாகாமல் மாவாக உதிரும். ஒக்டோபரில் பின்னேரங்களில் இடிமழை வழக்கம் என்பதால், காலையிலேயே பூசி, நண்பகலுக்குள் கூரைக்குள் எடுத்துவிடுங்கள். அவசரப்பட்டு அடுப்பருகே வைத்தால் ரெஜிபோம் சுருங்கிவிடும். மண்ணில் படும் அடிப்பக்கத்தையும் விடாமல் பூசுங்கள். காற்றுக்குப் பறக்காமலிருக்க, பூசுவதற்கு முன்பே கம்பி செருகிவிட வேண்டும்.

எல்ல வாசி:
அடிப்பக்கத்தைச் சென்ற முறை நான் பூசவேயில்லை; உரிந்ததும் அங்கிருந்துதான். சீமெந்துக்கு மேல், நிழல் காட்டுவதற்காகக் கறுப்பு ஸ்ப்ரேயை இலேசாக அடிக்கலாமா?

ஹட்டன் பந்தற்காரர்:
வேண்டாம். ஊசித்துளை ஒன்று இருந்தாலும் கரைப்பான் உள்ளே இறங்கி, வெளியே தெரியாமல் குடைந்துவிடும். தண்ணீர் கலந்த கறுப்பு எமல்ஷனை எழுத்துக் குழிகளில் விட்டு ஈரத்துணியால் துடைத்தால், நூறு வருடத்துக் கல்லைப் போலவே இருக்கும். முன்னால் மெழுகுதிரி வைக்காமல் எல்ஈடி விளக்கு வையுங்கள். ரெஜிபோம் தீப்பிடித்தால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும்.