ஜனவரி 10: பலகையில் என்ன எழுத?

வெண்கட்டி டீச்சர் (வியாழன் மாலை)

வணக்கம். இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். காலைக் கூட்டத்துக்கு முன்னால் வாசல் பலகையில் 'இன்றைய நாள்' என்று நாலு வரி எழுதும் வேலை இந்தத் தவணை என் தலையில் விழுந்திருக்கிறது. கஷ்டமில்லை. போனில் தேதியைத் தட்டினால் பட்டியலாகக் கொட்டும். நாலைப் பொறுக்கி எழுதிவிட்டு, தேத்தண்ணி ஆறுவதற்குள் திரும்பிவிடலாம்.

நாளைக்கு ஜனவரி 10. எடுத்து வைத்ததை இன்றைக்கே தரம் எட்டுக்கு வாசித்துக் காட்டினேன். 1863இல் லண்டனில் உலகத்தின் முதல் சுரங்க ரயில், பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை. 1920இல், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் தொடங்கியது. உலக இந்தி தினம். கடைசியாக, அமெரிக்காவில் இது வீட்டுச் செடிகளைப் பாராட்டும் நாளாம்.

செடியைப் பாராட்டுவதென்றால் மாலை போடுவதா, கை தட்டுவதா என்று பெரிய சிரிப்பு. சுரங்க ரயிலுக்கு மட்டும் வகுப்பு அமைதியானது. நிலத்துக்கடியில் நிலக்கரி எஞ்சினையா ஓட்டினார்கள், புகை எங்கே போகும் என்று கேட்டார்கள். சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்ததும் 'ஹூ' என்று கத்தியே வளர்ந்த பிள்ளைகள், கேட்கத்தானே செய்வார்கள். "சிங்கமலைதான் டீச்சர் பழசு" என்று ஒருவன் அடித்துச் சொன்னான். சிங்கமலையைத் தாண்டி நானுஓயாவுக்கு ரயில் வந்ததே 1885இல்தான் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவனே கேட்டான்: "அப்ப பத்தாம் தேதி நம்ம பக்கம் ஒண்ணுமே நடக்கலயா?"

தேடிச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். மணி ஏழாகிறது. யாருக்காவது தெரியுமா?

---

பூச்சட்டி

டீச்சர், செடி நாளை மட்டும் வெட்டிவிடாதீர்கள். பதுளையில் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து பாருங்கள். இஸ்தோப்புத் திண்ணையில் அம்மா பதினோரு பால்மா டின் வைத்திருக்கிறா. டின்னுக்கு அடியில் ஆணியால் மூன்று ஓட்டை, உள்ளே பிகோனியா. மலையில் பகல் முழுக்க கொழுந்து பறித்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, முகம்கூடக் கழுவாமல் அதுகளுக்குத்தான் முதல் தண்ணீர். கேட்டால், "இத யாரும் நிறுத்துப் பாக்க மாட்டாங்க" என்பா.

இன்னொன்றும் பிள்ளைகளிடம் சொல்லலாம். தேயிலையை விட்டுவிட்டால் அது மரமாகப் போய்விடும். மூன்று நாலு வருஷத்துக்கு ஒருதரம் கவ்வாத்து வெட்டி, வாரா வாரம் கொழுந்தைக் கிள்ளித்தான் அதை இடுப்பளவில் நிறுத்தி வைத்திருக்கிறோம். பாராட்டுவதென்றால் முதலில் அந்தச் செடியைப் பாராட்டுங்கள்.

---

பழைய கணக்கப்பிள்ளை

மகள், அந்தப் பையன் சரியான கேள்விதான் கேட்டிருக்கிறான்.

1940 ஜனவரி 10, புதன்கிழமை. ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயா தோட்டம். சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். மலையகத் தொழிற்சங்கப் போராட்டத்தில் முதல் உயிர் அவருடையது என்றுதான் நாங்கள் சொல்லி வந்திருக்கிறோம். அதனால்தான் கொஞ்ச வருஷமாக ஜனவரி 10ஐ மலையகத் தியாகிகள் தினம் என்று வைக்கிறார்கள்.

சுட்டதோடு கதை முடியவில்லை. விசாரணை ஆணைக்குழு உட்கார்ந்தது. இடதுசாரித் தலைவரும் வக்கீலுமான கொல்வின் ஆர். டி சில்வா கோவிந்தனின் மனைவிக்காக அதில் ஆஜரானார். அதை ஒட்டி வந்த தகராறில் ஆளுநர் கால்டிகொட்டோடு முறுகிக்கொண்டு மந்திரிமார் ராஜினாமா செய்தார்கள். ஒரு தோட்டத்துச் சண்டை கொழும்பில் நாற்காலியை ஆட்டியது என்று சொன்னால் பையன் நிமிர்ந்து உட்காருவான்.

ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் வியாபாரத்துக்கென்று முதன்முதலாகத் தேயிலை போட்ட லூல்கந்துரவும் இதே ஹேவாஹெட்டப் பக்கம்தான். அந்த ஏழாம் நம்பர் மலையைப் பார்க்க வெள்ளைக்காரர் இன்றைக்கும் வருகிறார்கள். முல்லோயாவுக்கு வழி கேட்டு யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

என் அப்பாயி பக்கத்துத் தோட்டம். அவ கோவிந்தன் பேரைச் சொல்ல மாட்டா. 'அந்தப் புதன்கிழமை' என்பா, அவ்வளவுதான். எந்தப் புதன் என்று சின்ன வயதில் கேட்டு ஒரு குட்டு வாங்கியிருக்கிறேன்.

1977 மே 11ஐயும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டெவன் தோட்டம், சிவனு லெட்சுமணன். தோட்டக் காணியைப் பிரித்து எடுப்பதை எதிர்த்துப் போன கூட்டத்தில் சுடப்பட்ட பிள்ளை.

---

நாட்காட்டி கிழிப்பவன்

ஐயா சொன்ன அதே நாளில், அதே 1940இல், கொச்சியில் கே. ஜே. யேசுதாஸ் பிறந்திருக்கிறார். எங்கள் வீட்டில் கார்த்திகை பிறந்தால் அவர் குரல்தான். ஒரே தேதிக்குள் இரண்டும் இருப்பது இன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது.

இந்த வெளிநாட்டுப் பட்டியல்களை நம்பி மட்டும் எழுதினால் ஒரு நாள் மாட்டிக்கொள்வீர்கள் டீச்சர். நவம்பர் 15ஐப் போட்டுப் பாருங்கள். பிரிட்ஜைத் துப்புரவாக்கும் நாள் என்று வரும். 1948இல் மலையகத் தமிழரான நம் ஆட்களை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் அமலுக்கு வந்த தேதி அது. அன்றைக்குக் காலையில் வாசல் பலகையில் பிரிட்ஜைப் பற்றி எழுதியிருந்தால் எப்படி இருக்கும்?

---

வெண்கட்டி டீச்சர் (வெள்ளி பகல்)

எல்லாருக்கும் நன்றி. கணக்கப்பிள்ளை ஐயா, உங்களுக்குத் தனியாக.

பலகை சின்னது. சர்வதேச சங்கத்தை அழித்துவிட்டேன், இந்தி தினத்தையும். மேலே கோவிந்தன், அதன் கீழே லண்டன் ரயில். செடியையும் எடுக்கப் பார்த்தேன், தரம் ஒன்பது பெண் பிள்ளைகள் விடவில்லை. கடைசி வரியில் நுணுக்கி எழுதினேன். முதலாம் பாடம் முடிந்து வந்து பார்த்தால் பலகைக்குக் கீழே தகர டின்னோடு ஒரு ஜெரேனியம் உட்கார்ந்திருக்கிறது. யார் வைத்தது என்று இதுவரை வெளியே வரவில்லை.

சுரங்கப் பையன் முழுவதையும் கொப்பியில் எழுதிக்கொண்டான். 'முல்லோயா' என்பதைக் காட்டி, "எங்க அம்மம்மா பொறந்த எடம் டீச்சர்" என்றான். ஆனால் வீட்டில் மூலோயா என்றுதான் சொல்வார்களாம். எது சரி என்று இன்றைக்கே கேட்டு வருகிறேன் என்று போயிருக்கிறான்.

மே 11, நவம்பர் 15 இரண்டையும் டயறியில் குறித்துவிட்டேன். நாளைக்குச் சனிக்கிழமை, பலகைக்கும் லீவு. 13ஆம் தேதிக்கு ஏதாவது இருந்தால் ஞாயிறு இரவுக்குள் போடுங்கள்.