அம்மாவின் மறதிக்கு புளூபெரி, மஞ்சள் குளிசைகள் கொடுக்கலாமா?

உப்புவெளி_மகள்:
எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 72 வயது. கொஞ்சக் காலமாக ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார், அடுப்பில் பாலை வைத்துவிட்டு முற்றம் கூட்டப் போய்விடுகிறார். கிளினிக்கில் காட்டினோம். டொக்டர் மணிக்கூடு வரையச் சொன்னார், சில சொற்களைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார், கடைசியில் இது டிமென்ஷியா என்கிற மறதி நோய் இல்லை, அதற்கு முந்திய லேசான அறிவாற்றல் குறைபாடு, ஆறு மாதத்தில் திரும்பக் கூட்டி வாருங்கள் என்றார். மருந்து எதுவும் எழுதவில்லை.

கனடாவில் இருக்கிற அண்ணா விடுவாரா? பார்சலில் இரண்டு போத்தல் வந்திருக்கிறது. ஒன்று புளூபெரியில் இருந்து எடுத்த அந்தோசயனின் என்ற நிறமி, மற்றது மிளகுச் சாறு சேர்த்த குர்குமின், மஞ்சளில் இருக்கிற நிறமி. இயற்கையானது, பக்கவிளைவே இல்லை என்று ஒரே பிடியாக நிற்கிறார். அம்மா சீனி வருத்தத்துக்குப் பல வருஷமாக மெட்ஃபோர்மின் எடுக்கிறார், இதயத் துடிப்புக் கோளாறுக்கு இரத்தம் உறையாமல் தடுக்கிற வாஃபரினும் போடுகிறார். போத்தல் இரண்டும் இன்னும் உடைக்காமல் அலுமாரியில் இருக்கிறது. இந்தத் தாவர நிறமிகளில் உண்மையிலேயே ஏதும் இருக்கிறதா, இல்லை வெறும் வியாபாரமா?

மருந்துக்கடை_அண்ணன்:
தங்கச்சி, குர்குமின் போத்தலை உடைக்கவே வேண்டாம். வாஃபரின் எடுப்பவர்களுக்குக் குர்குமின் சேர்ந்தால் இரத்தம் கசிகிற ஆபத்து கூடலாம். அதோடு அந்த மிளகுச் சாறு இருக்கிறதே, அதில் உள்ள பைப்பரின் வேறு மருந்துகள் உடம்பில் உடைகிற வேகத்தையும் மாற்றும். குர்குமின் தனியாகப் போனால் குடலில் சரியாக உறிஞ்சப்படாது என்பதால்தான் அதைச் சேர்க்கிறார்கள். 1998இல் பெங்களூரில் செய்த ஆய்வில் பைப்பரின் சேர்த்ததும் உறிஞ்சுதல் 20 மடங்கு ஏறியது. குளிசை விற்பவர்களுக்கு அது நல்ல செய்தி, வாஃபரின் போடுகிற உங்கள் அம்மாவுக்கு இல்லை. மஞ்சள் குளிசையால் ஈரல் பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள், ஆகவே பக்கவிளைவே இல்லை என்ற கதையை அண்ணா விட்டுவிடட்டும்.

பலன் என்று பார்த்தால், 2018இல் வந்த கலிபோர்னியா ஆய்வில் 40 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நன்றாக உறிஞ்சப்படும் வகைக் குர்குமின் 90 மில்லிகிராம் தினம் இருமுறை 18 மாதம் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு வெற்றுக் குளிசை; குர்குமின் எடுத்தவர்களுக்கு ஞாபகசக்திப் பரீட்சைகளில் முன்னேற்றம் தெரிந்தது. அந்த 40 பேரும் டிமென்ஷியா இல்லாதவர்கள். ஏற்கெனவே அல்சைமர் வந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வுகளில் ஒன்றும் கிடைக்கவில்லை.

தம்பலகாமத்தான்:
எனக்கு இது விளங்கவில்லை. காலங்காலமாக மீன் குழம்பில் இருந்து மருந்துத் தண்ணீர் வரைக்கும் மஞ்சளும் மிளகும் போட்டே சாப்பிடுகிறோம், வெள்ளைக்காரன் பரீட்சித்துப் பார்த்தால்தான் அது நல்லதா? என் அப்பப்பா வயல் வரம்பில் விழாமல் நடந்தவர், கடைசிவரை கணக்கு வழக்குப் பிசகவில்லை.

மருந்துக்கடை_அண்ணன்:
தம்பி, கறியில் போடுகிற மஞ்சளை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மஞ்சள் தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 வீதம்தான், குழம்பில் ஒருவர் பங்குக்கு வருவது சொற்பம். குளிசையில் இருப்பது மருந்து அளவு, அதனால் மருந்தைப் பார்ப்பதுபோலவே பார்க்க வேண்டும். அப்பப்பாவை வயல் வேலையும்தான் காப்பாற்றியிருக்கும்.

சாம்பல்தீவு_ரீச்சர்:
பிள்ளை, நான் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவள், அந்தோசயனின் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். நாவற்பழம் தின்றால் நாக்கை ஊதாவாக்குகிற நிறமி அதுதான். வேலியில் படர்கிற நீலக் காக்கணம் பூவிலும் உண்டு. நிலாவெளிப் பக்க ஹோட்டல்களில் வெள்ளைக்காரருக்கு நீலத் தேநீர் என்று கொடுக்கிறார்களே, அந்தப் பூ. வெந்நீரில் நாலைந்து பூவைப் போட்டால் நீலம் இறங்கும், தேசிக்காய்ப் புளி இரண்டு துளி விழுந்ததும் ஊதாவாகிவிடும், என் பேரப்பிள்ளைகள் இதற்காகவே எலுமிச்சையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

மூளைக்கு என்ன செய்கிறது? இரத்தக் குழாய்களை இளக்கி ஓட்டத்தைக் கூட்டுகிறது, அழற்சியைக் குறைக்கிறது என்று சொல்கிறார்கள். மறதி தொடங்கியவர்களுக்கு 12 வாரம் புளூபெரிச் சாறு கொடுத்து நல்ல பலன் கண்ட 2010ஆம் ஆண்டு ஆய்வைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். அதில் சாறு குடித்தவர்கள் 9 பேர்! ஆஸ்திரேலியாவில் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு செர்ரிச் சாறு தினம் 200 மில்லிலீற்றர் கொடுத்ததிலும் சொல் வளமும் ஞாபகமும் கொஞ்சம் தேறின. அதுவும் சின்ன ஆய்வுதான். நம்பிக்கை தருகிறது, ஆனால் இதை நம்பிக் காசு கொட்ட ஏலாது.

லூட்டீன் இன்னும் சுவாரசியம். முருங்கையிலையின் பச்சைக்குள் ஒளிந்திருக்கிற மஞ்சள் நிறமி அது. கண்ணில் மட்டுமல்ல, மூளையிலும் சேர்கிறது, மூளையில் இருக்கிற கரோட்டினோயிட்டுகளில், அதாவது மஞ்சள், செம்மஞ்சள் தாவர நிறமிகளில், இதுதான் முதலிடம். அதனால் குளிசையாகக் கொடுத்தால் மூளை கூர்மையாகும் என்று நினைத்தார்கள். 2015இல் வந்த அமெரிக்கக் கண் ஆய்வில் 3000க்கு மேற்பட்ட முதியவர்களைப் பல வருஷம் பார்த்தும் குளிசை எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் வித்தியாசம் வரவில்லை. ஆகவே இலையாகவே சாப்பிடுங்கள். இந்த நிறமி கொழுப்போடுதான் உடம்பில் சேரும், எங்கள் வறையில் தேங்காய்ப்பூ எப்படியும் இருக்கிறது.

வல்லாரையும் நல்ல கீரைதான், ஆனால் ஞாபகசக்திக்கு அது பேர்போனதற்குக் காரணம் நிறமி இல்லை, அது வேறு கதை.

மருந்துக்கடை_அண்ணன்:
ஒன்றை விட்டுவிட்டேன். மெட்ஃபோர்மின் பல வருஷம் எடுத்தால் பி12 குறையும், பி12 குறைந்தாலே மறதி வரும், அதை ஊசியாலோ குளிசையாலோ சரிசெய்யலாம். தைரொய்ட்டும் அப்படித்தான். இந்த இரண்டு இரத்தப் பரிசோதனையும் செய்தார்களா? காது கேட்பது குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள், கவனித்துச் சரிசெய்தால் டிமென்ஷியாவைத் தள்ளிப்போடக்கூடிய காரணங்களில் அது பெரிய ஒன்று. இரவில் தும்மலுக்கு என்று பழைய அலர்ஜிக் குளிசை போடுகிறாரா என்பதையும் கவனியுங்கள், நித்திரை வரவைக்கிற அந்த வகை முதியவர்களின் மூளையை மந்தமாக்கும்.

உப்புவெளி_மகள்:
தைரொய்ட் பார்த்தார்கள், சரியாக இருக்கிறது. பி12 பார்க்கவே இல்லை, இந்தக் கிழமையே கேட்கிறேன். டிவி சத்தத்தை அம்மா கூட்டி வைப்பதை நாங்கள் பகிடியாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தோம். ரீச்சர், முருங்கையிலை அம்மாவுக்குப் பிடிக்கும், ஆனால் வாஃபரின் தொடங்கியபோது கீரையே தொடக்கூடாது என்று யாரோ சொல்லி நிறுத்திவிட்டோமே?

மருந்துக்கடை_அண்ணன்:
நிறுத்தத் தேவையில்லை தங்கச்சி. கீரையில் உள்ள விட்டமின் கே வாஃபரினுக்கு எதிராக வேலை செய்யும் என்பது உண்மை, ஆனால் சிக்கல் வருவது அளவு திடீரென்று ஏறி இறங்கும்போது. கிழமைக்கு எத்தனை தரம் சமைக்கப் போகிறீர்கள் என்று முதலில் கிளினிக்கில் சொல்லுங்கள், கொஞ்சமாகத் தொடங்கி அதே அளவில் வையுங்கள், தொடங்கிய பிறகு ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைப் பார்க்கிற பரிசோதனை) ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், தேவையென்றால் அவர்கள் வாஃபரின் அளவை மாற்றித் தருவார்கள். புளூபெரிப் போத்தலையும் அன்றைக்கே கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.