புதுப்பிப்பு: கீழக்கரையில் வாங்கிய பூசணம் பிடித்த இசைத்தட்டுகள்

என் பழைய இசைத்தட்டுக் கடைக்காக கீழக்கரை வீடு ஒன்றில் மொத்தமாக வாங்கிய தட்டுகளில் பூசணமும் கரகரப்பும் இருக்கின்றன, எப்படிச் சுத்தம் செய்வது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலித்த யோசனை இதுதான்: காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு சொட்டு கலந்து, மென்மையான பிரஷ்ஷால் வரிகளின் போக்கிலேயே தேய்ப்பது. நடு லேபிள் நனையக் கூடாது. அப்புறம் வெறும் காய்ச்சி வடித்த நீரில் அலசல். நம் கடலோரத்து போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்பு படிந்து மறுபடி கரகரக்கும். நிழலில் காய வையுங்கள். வெயிலில் தட்டு நெளியும்.

ஆல்கஹாலால் துடைப்பது வினைல் என்ற பிளாஸ்டிக்கில் செய்த தட்டுகளுக்குப் பொதுவாகச் சரி. ஆனால் நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டுகள் பெரும்பாலும் அரக்கில் செய்தவை, ஆல்கஹாலில் அரக்கு கரைந்துவிடும். எச்சரித்தவர் புண்ணியத்தில் நாலைந்து நல்ல தட்டுகள் தப்பின.

எதிர்பாராத விஷயம், பூசணம் குடியிருந்தது காகித உறையில். கழுவிய தட்டைப் பழைய உறையில் வைத்ததும் திரும்ப வந்தது. புது உள்ளுறை போட்டதும் நின்றது. உறையைத் தட்டும்போது முகக்கவசம் கட்டாயம். கடையில் உதவும் தம்பி நாள் முழுக்க இருமினான்.

நெளிந்த தட்டுகள் மட்டும் அப்படியே கிடக்கின்றன. வழி தெரிந்தால் சொல்லுங்கள்.