எஸ்றா 2: வம்ச அட்டவணை கிடைக்காதவர்கள் என்ன ஆனார்கள்?

தேவகோட்டை வாசகி:
எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த மாதம் பைபிளின் பழைய ஏற்பாட்டு நூல்களான எஸ்றா, நெகேமியா. கி.மு. 538இல் பாரசீகத்தின் கோரேசு ராஜா அனுமதி தந்தபின், சிறையிருந்த பாபிலோனிலிருந்து எருசலேம் பக்கம் திரும்பிய யூதர்களின் பட்டியல் எஸ்றா 2லும் நெகேமியா 7லும் வருகிறது. தலைமுறை காட்ட முடியாதவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்களா? ஆலயத்தில் பலி செலுத்தும் ஆசாரியரில் மூன்று குடும்பத்தை மட்டும் ஏன் ஒதுக்கினார்கள்? எண்களைக் கூட்டினால் 42,360 வரவே மாட்டேன் என்கிறதே, எங்கே இடிக்கிறது? நம் நகரத்தார் கோயில் புள்ளிக் கணக்கோடு, அதாவது கல்யாணமானவர்களைக் கோயிலில் பதியும் கணக்கோடு, ஒப்பிட்டுச் சொன்னால் இங்கே எல்லோருக்கும் சட்டென்று பிடிபடும். அப்படிச் சொல்வது பொருந்துமா?

கல்லல் ஆசிரியர்:
திருப்பி அனுப்பியதாக எங்கும் இல்லை. தெலாயா, தொபியா, நெகோதா என்ற மூன்று குடும்பங்கள், தெல்மெலா, தெல்அர்சா முதலிய ஊர்களிலிருந்து வந்தவர்கள், தாங்கள் இஸ்ரவேலர் என்று காட்ட முடியவில்லை. ஆனாலும் 652 பேர் என்று பட்டியலுக்குள் எண்ணப்பட்டார்கள் (நெகேமியாவில் 642). பொதுமக்களுக்கு மூதாதை பெயர் கட்டாயமாக இருந்ததாகவும் தெரியவில்லை. பெத்லெகேமார் 123, ஆனதோத்தார் 128, எரிகோவார் 345 என்று ஊர் பெயராலேயே பலர் எண்ணப்பட்டிருக்கிறார்கள்.

ஆசாரியர் விஷயம் வேறு. அந்த ஊழியம் முதல் பிரதான ஆசாரியனான ஆரோனின் வழியில், அதுவும் தகப்பன் வழியில் மட்டுமே வரும். அவர்களுக்கு நிலத்தில் பங்கு கிடையாது (எண்ணாகமம் 18:20). பலியிலும் காணிக்கையிலும் வரும் பங்குதான் சாப்பாடு. ஆகவே வம்ச அட்டவணை அவர்களுக்குக் குடும்பப் பெருமை இல்லை, உரிமைப் பத்திரம். அபாயா, கோசு, பர்சிலாய் குடும்பத்தார் தேடினார்கள், கிடைக்கவில்லை. ஊழியத்திலிருந்து விலக்கினார்கள். ஊரீம் தும்மீம் (கடவுளின் சித்தம் கேட்டறிய ஆசாரியன் வைத்திருந்த பொருள்கள்) உள்ள ஆசாரியன் எழும்பும்வரை மகா பரிசுத்தமானதில் புசிக்கக்கூடாது என்று திர்ஷாதா, அதாவது ஆளுநர், உத்தரவிட்டார். போஜனபலியில் மீந்தது, பாவநிவாரண பலியின் இறைச்சி, ஆலயத்தில் கடவுள் முன் வைக்கும் சமுகத்தப்பம் எல்லாம் அந்த வகை. தீர்ப்பைத் தள்ளிவைத்தார் என்றே நான் வாசிக்கிறேன். ஆனால் இரண்டாம் ஆலயத்தில் இல்லாமல் போனவற்றில் ஊரீம் தும்மீமையும் சேர்த்துத்தான் யூதரின் மரபு நூலான தல்மூத் சொல்கிறது. வாய்தா எவ்வளவு நீளம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தூர் பேரேடு:
கூட்டல் கணக்குக்கு வருகிறேன். எஸ்றா 2ஐ வரிசையாகக் கூட்டினால் 29,818. நெகேமியா 7 என்றால் 31,089. இரண்டுமே மொத்தம் 42,360 என்று முடிக்கின்றன. எஸ்றாவில் இடைவெளி 12,542. பெண்கள், வேறு கோத்திரத்தார், அட்டவணை இல்லாதவர்கள் என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள், எதற்கும் பட்டியலுக்குள் ஆதாரம் இல்லை. இதே பட்டியலைத் தரும், கிரேக்க மொழியில் கிடைக்கும் எஸ்திராஸ் நூல் அதே மொத்தத்தை "பன்னிரண்டு வயதும் மேலும்" என்று சொல்வதையும் குறித்துக்கொள்ளுங்கள். 7,337 வேலைக்காரரை 42,360க்குள் சேர்த்துவிடாதீர்கள், அவர்கள் தனி. பலர் அங்கேதான் சறுக்குகிறார்கள்.

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: பெயர், எஸ்றா, நெகேமியா. அஸ்காத் 1,222 / 2,322. ஆராக் 775 / 652. சத்தூ 945 / 845. அதோனிகாம் 666 / 667. பாரோஷ் 2,172, ஏலாம் 1,254 போல ஒத்துப்போவதும் உண்டு. அடுத்து ஆசாரியர் நான்கு குடும்பங்களைப் பாருங்கள்: 973, 1,052, 1,247, 1,017. ஆக 4,289. இரண்டு பட்டியலிலும் ஓர் எண்கூட மாறவில்லை! ஆலய ஊழியத்தில் ஆசாரியருக்கு உதவும் லேவியர் 74ம் அப்படியே. நெகேமியா தான் கண்டெடுத்த பழைய புஸ்தகத்திலிருந்துதான் எடுத்து எழுதுகிறார் (7:5). அவர் எருசலேமுக்கு வந்தது கி.மு. 445இல். முதல் கூட்டம் வந்து ஏறத்தாழ 90 வருடம் ஆகியிருந்தது. பிரதி எடுப்பதில் எண் பிசகுவது சகஜம், அத்தனை வேறுபாட்டுக்கும் அது ஒன்றே காரணம் என்று சாதிக்க மாட்டேன்.

ஆத்தங்குடி ஓடு:
ஆச்சி, புள்ளி ஒப்பீடு பாதி தூரம் வரும். நகரத்தாரில் ஒன்பது கோயில், கோயில் மாலை வந்து கல்யாணம் நடந்தால்தான் புள்ளி. பெயர் ஏறினால் உரிமையும் வரியும் சேர்ந்தே வரும் என்ற அளவில் இரண்டும் ஒன்று. ஆனால் நம்மிடம் கல்யாணம் ஆனவன்தான் புள்ளி. ஆசாரியனுக்குப் பிறப்பே கணக்கு, கல்யாணம் அவனைப் புதிதாகப் பதிவில் ஏற்றாது.

பர்சிலாய் குடும்பத்தை எடுத்துக்கொண்டால் நம் ஆட்களுக்கு நன்றாக விளங்கும். அந்த வீட்டு முன்னோர் கீலேயாத்து பர்சிலாயின் மகள்களில் ஒருத்தியைக் கட்டி, மாமனார் வீட்டுப் பெயரையே எடுத்துக்கொண்டவர். தாவீது ராஜாவுக்கு மகனாயீம் ஊரில் சோறு போட்ட அந்தப் பெரும் பணக்காரர்தான் பர்சிலாய். நிலமில்லாத ஆசாரிய குலத்தான் சொத்துள்ள வீட்டு விலாசத்தை, அதாவது குடும்பப் பெயரை, ஏற்றால், பின்னால் வந்தவர்கள் ஆரோன் வழிப் பதிவில் அந்தப் பெயரைத் தேடி என்ன கிடைக்கும்? இது ஊகம்தான், ஆனால் அவர்கள் பெயர் வந்த கதையை மட்டும் எஸ்றா இவ்வளவு விவரமாகச் சொல்வதற்கு வேறு காரணம் எனக்குப் படவில்லை. இங்கே பிள்ளை கூட்டும்போது, அதாவது தத்து எடுக்கும்போது, அதே கோயில் பங்காளி வீட்டிலேயே பார்ப்பார்கள் அல்லவா? விலாசம் மாறினாலும் கோயில் மாறக்கூடாது என்பதற்குத்தான்.

தேவகோட்டை வாசகி:
நன்றி அண்ணே, தெளிவாகிவிட்டது. ஊரே எரிந்தபின் இவர்களிடம் பதிவு எப்படித்தான் மிஞ்சியது? கோசு வீட்டார் பிறகு சேர்க்கப்பட்டார்களா?

கல்லல் ஆசிரியர்:
கி.மு. 586இல் எருசலேம் எரிந்தபோது பப்பைரஸ் போயிற்று, சுருளைக் கட்டிய கயிற்றின் மேல் இருந்த களிமண் முத்திரை சுட்டு இறுகி நின்றது. தாவீதின் நகர அகழாய்வில் ஒரே வீட்டில் 51 முத்திரைகள் கிடைத்தன. ஒன்றில் எரேமியா நூலில் வரும் சாப்பானின் மகன் கெமரியா பெயர். அதாவது பெயர் மிஞ்சும், ஆவணம் மிஞ்சாது. சிறையிருப்பில் இருந்தவர்களோ பாபிலோனிலேயே புதிதாகப் பதிவானார்கள். அல்-யாஹூது என்ற யூதர் குடியிருப்பின் களிமண் பலகைகளில் கடன், குத்தகை எல்லாம் இன்னார் மகன் இன்னார் என்றே எழுதப்பட்டிருக்கின்றன.

கோசு வீட்டுக்கு நெகேமியா 3:4 பாருங்கள். கோசின் மகனாகிய உரியாவின் குமாரன் மெரெமோத் மதில் கட்டுகிறான். எஸ்றா 8:33இல் ஆலய வெள்ளியையும் பொன்னையும் உரியாவின் குமாரன் மெரெமோத் கையில் நிறுத்துக் கொடுக்கிறார்கள், அங்கே உரியாவுக்கு ஆசாரியன் என்ற அடைமொழியும் உண்டு. இருவரும் ஒருவரானால் அந்தக் குடும்பம் மறுபடி ஏற்கப்பட்டது என்று அர்த்தம். நெகேமியா 3இல் ஆசாரியன் என்ற சொல் இல்லாததால், வட்டத்தில் இதை "பெரும்பாலும்" என்று சேர்த்தே சொல்லுங்கள்.